மனச்சிதைவு நோயில் மூளை எப்படிக் கேட்கிறது: புலன் செயலாக்கத்தைப் படமாக்கும் ஆய்வுக்கு ஒரு முழு வழிகாட்டி

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) என்றதும் நம் நினைவுக்கு வருவது இல்லாத குரல் கேட்பதும், யாரோ தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கையும்தான். இவற்றைச் சிந்தனைக் கோளாறாகவே மருத்துவ உலகம் நெடுங்காலம் பார்த்தது. சோதனைக்கூடத்தில் தெரியும் கதை இன்னும் கீழிருந்து தொடங்குகிறது. ஹெட்போனில் ஒரு சாதாரண ‘பீப்’ ஒலியைக் கேட்க வைத்தால், அதைப் பற்றி அந்த நபர் எதையும் யோசிப்பதற்கு முன்பே, முதல் 50 முதல் 200 மில்லிவினாடிக்குள் மூளை தரும் பதிலில் வேறுபாடு தெரிகிறது.

அந்த வேறுபாட்டை எப்படி அளப்பது, எங்கெல்லாம் ஏமாந்துபோக வாய்ப்பு இருக்கிறது என்று படிப்படியாகச் சொல்லப்போகிறேன். உளவியல், உயிர்மருத்துவப் பொறியியல், செவிலியர் படிப்பு மாணவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்து, இணையத்தில் வரும் ஆய்வுச் செய்திகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும். கேட்டல் பற்றியே அதிகம் பேசுவேன். இந்தத் துறையில் சான்று வலுவாக இருப்பது அங்கேதான்.

ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நோயைத் தவிர வேறு எது இந்த வேறுபாட்டைத் தந்திருக்கலாம்? வேலையில் முக்கால்வாசி இதற்குப் பதில் தேடுவதுதான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

“மனச்சிதைவில் புலன் செயலாக்கம்” என்ற தலைப்பை வைத்துக்கொண்டு ஆய்வு செய்ய முடியாது. அதற்குள் பல தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கேட்டலில் மட்டும் நான்கு பெரிய பாதைகள் உண்டு.

முதலாவது வடிகட்டல். 1982-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆட்லர், ஃப்ரீட்மன் குழுவினர் 500 மில்லிவினாடி இடைவெளியில் இரண்டு ‘கிளிக்’ ஒலிகளைக் கேட்க வைத்தார்கள். நோயில்லாதவர்களின் மூளையில், ஒலிக்கு 50 மில்லிவினாடி கழித்து எழும் பி50 அலை இரண்டாவது கிளிக்குக்கு நன்றாகச் சுருங்கிவிட்டது. புதிதாக எதுவும் சொல்லாத ஒலியை மூளை அடக்கிவிடுகிறது என்று பொருள். மனச்சிதைவு உள்ளவர்களிடம் அந்தச் சுருக்கம் மிகக் குறைவு. இதே பாதையில் போனவர்கள் 1997-இல் 15-ஆம் குரோமோசோமில் உள்ள ஆல்ஃபா-7 நிகோட்டினிக் ஏற்பியின் (நரம்பணுவில் நிகோட்டின் ஒட்டும் புரதம் ஒன்றின்) மரபணுப் பகுதிவரை சென்றார்கள். அந்த ஏற்பியைத் தூண்டும் மருந்துகளும் தயாராயின. அவற்றில் எதிர்பார்ப்பு மிகுந்திருந்த என்செனிக்லின் 2016-இல் மூன்றாம் கட்டச் சோதனைகளில் தோற்றது. மூளை அலையிலிருந்து மருந்துக்கடை வரை நேர்ச்சாலை கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இரண்டாவது, எதிர்பாராததைக் கண்டுகொள்வது. ஒரே மாதிரி ஒலிகள் வரிசையாக வரும்போது நடுவில் ஒன்று மாறினால், நீங்கள் கவனிக்காவிட்டாலும் மூளை அதைப் பதிவு செய்கிறது. இந்த அலையை 1978-இல் விவரித்தவர் ஃபின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனன். இதன் பெயர் மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி, சுருக்கமாக எம்எம்என். மனச்சிதைவில் இது குறைகிறது என்ற அறிக்கைகள் 1990-களின் தொடக்கத்தில் வர ஆரம்பித்தன.

மூன்றாவது, தன் செயலால் வரும் ஒலியைத் தணிப்பது. நாம் பேசும்போது நம் குரலுக்குச் செவிப்புறணி (ஒலியைக் கையாளும் மூளைப் பகுதி) தரும் பதில், அதே குரலைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் கேட்கும்போது வருவதைவிடச் சிறியது. “இது என்னுடையது” என்ற முன்னறிவிப்பு பேச்சுப் பகுதியிலிருந்து செவிப்பகுதிக்குப் போய்விடுவதால் இப்படி நடக்கிறது என்பது விளக்கம். ஜூடித் ஃபோர்டும் டேனியல் மதாலனும் இந்தத் தணிப்பு மனச்சிதைவில் பலவீனமாக இருப்பதைத் தொடர்ந்து காட்டி வருகிறார்கள். குரல் கேட்கும் அனுபவத்துக்கு நேரடியாகப் பொருந்தும் கருத்து என்பதால் என்னை அதிகம் ஈர்ப்பது இதுதான்.

நான்காவது, நொடிக்கு 40 முறை துடிக்கும் ஒலியோடு மூளை தாளம் சேர்கிறதா என்று பார்ப்பது. ஹார்வர்டில் மெக்கார்லி குழுவினர் 1999-இல் 40 ஹெர்ட்ஸில் இந்த ஒத்திசைவு குறைவதை அறிவித்தார்கள்.

முதல்முறை ஆய்வு செய்பவர்கள் எம்எம்என்னைத் தேர்ந்தெடுங்கள். பங்கேற்பவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒலியில்லாத படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். “முயற்சி செய்யவில்லை, அதனால்தான் குறைவு” என்ற சந்தேகம் பெரிதும் அடிபட்டுப்போகிறது.

படி 2: கருவியைக் கேள்விக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

எப்போது என்று கேட்டால், தலையில் எலக்ட்ரோடு வைத்து மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி. எங்கே என்று கேட்டால், எம்ஆர்ஐ கருவியில் மூளையின் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ. மோட்டாவான விதிதான், ஆனால் தொடக்கத்துக்குப் போதும். ஈஈஜி மில்லிவினாடிக் கணக்கில் அளக்கும். மண்டையோட்டைத் தாண்டி வருவதால் சமிக்ஞையின் இருப்பிடம் மங்கிவிடும். எஃப்எம்ஆர்ஐ இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் இடத்தைச் சொல்லும். ஆனால் அது அளப்பது நரம்பணுவின் மின்சாரத்தையல்ல, அதைத் தொடர்ந்து வரும் ரத்த ஆக்சிஜன் மாற்றத்தை. அந்த மாற்றம் உச்சம் தொட 5, 6 வினாடிகள் ஆகும். 50 மில்லிவினாடியில் நடப்பதை அதில் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. மூளையின் நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கும் எம்இஜி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நல்ல கருவி. விலைதான் தடை.

கேட்டலை எஃப்எம்ஆர்ஐயில் படிப்பதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு: கருவியே பெரும் சத்தம் போடும். ஓடும்போது 100 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். நீங்கள் அனுப்பும் மெல்லிய ஒலி அதற்குள் அமுங்கிவிடும்; செவிப்புறணியும் ஏற்கெனவே கருவிச் சத்தத்துக்கே உழைத்துக்கொண்டிருக்கும். இதற்கு விட்டுவிட்டுப் படமெடுக்கும் முறை இருக்கிறது. சில வினாடிகள் கருவியை அமைதியாக வைத்து, அந்த இடைவெளியில் ஒலியைக் கேட்க வைத்து, ரத்த மாற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்தில் படம் எடுப்பார்கள். படங்களின் எண்ணிக்கை குறையும், நேரம் கூடும். செவிப்புறணிதான் உங்கள் இலக்கு என்றால் அந்த விலையைக் கொடுத்தே ஆகவேண்டும்.

எஃப்எம்ஆர்ஐ தந்த முக்கியமான பங்களிப்பு, குரல் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மூளையைப் பார்த்தது. 1999-இல் டீர்க்ஸ் குழுவினர் கருவிக்குள் படுத்திருந்தவர்களிடம், குரல் தொடங்கும்போது பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே ஒலியே இல்லாத நேரத்தில் முதன்மைச் செவிப்புறணி அமைந்த ஹெஷ்ல் மேடு செயல்பட்டது. பங்கேற்றவர்கள் மூன்றே பேர். பிறகு ஜார்ட்ரி குழுவினர் 2011-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதி, இன்சுலா, ஹிப்போகாம்பஸைச் சுற்றிய பகுதி எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. குரல் கேட்பது செவிப்புறணி மட்டும் நடத்தும் நாடகம் இல்லை.

ஒலி எதுவும் கொடுக்காமல், சும்மா படுக்க வைத்து எடுக்கும் எஃப்எம்ஆர்ஐயும் உண்டு. அதில் தலாமஸுக்கும் முன்மூளைப் புறணிக்கும் இடையிலான தொடர்பு குறைந்தும், தலாமஸுக்கும் புலன்-இயக்கப் பகுதிகளுக்கும் இடையிலானது மிகுந்தும் காணப்படுவது பல குழுக்களின் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. புலன் தகவல்களில் பெரும்பகுதி தலாமஸ் வழியாகத்தான் புறணிக்குப் போகிறது என்பதால் இது கவனிக்கத்தக்கது.

படி 3: யாரைச் சேர்ப்பது, யாரோடு ஒப்பிடுவது

பெரும்பாலான ஆய்வுகள் பிசகுவது இங்கேதான்.

நோய் முடிவு ஒழுங்குபடுத்தப்பட்ட நேர்காணல் மூலம் உறுதிசெய்யப்பட வேண்டும். அறிகுறிகளின் அளவுக்கு பான்ஸ் அளவுகோல் வழக்கம்: 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மொத்த மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். குரல் கேட்பது எவ்வளவு கடுமை என்பதைத் தனியாகக் குறித்து வையுங்கள். உங்கள் அலையோடு ஒப்பிட அதுதான் பிறகு தேவைப்படும்.

அடுத்தது காது. ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் கேட்டல் ஆய்வுகளில் கேட்கும் திறனைச் சோதிக்காமல் விடுவது நடக்கிறது. நீங்கள் பயன்படுத்தப்போகும் அலைவரிசையிலாவது ஆடியோமெட்ரி செய்யுங்கள். காதே மந்தமென்றால் மூளையைப் பற்றிப் பேச உங்களிடம் எதுவும் இல்லை.

புகை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் மற்றவர்களைவிட மிக அதிகம். நிகோட்டின் பி50 வடிகட்டலைச் சிறிது நேரத்துக்குச் சீராக்குகிறது என்பதும் தெரிந்ததே. அப்படியென்றால், பதிவுக்கு ஐந்து நிமிடம் முன்பு வாசலில் நின்று ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தவரின் அலை நோயைப் பற்றியும் பேசும், சிகரெட்டைப் பற்றியும் பேசும். சரி, நாலைந்து மணி நேரம் பிடிக்காமல் இருக்கச் சொல்லலாமா? அப்போது ஏக்கத்தின் பதற்றம் சேர்ந்துவிடும். முழுத் தீர்வு கிடையாது. கடைசி சிகரெட்டுக்கும் பதிவுக்கும் இடையிலான நேரத்தை இரு குழுவுக்கும் ஒரே மாதிரி நிர்ணயித்து, எழுதி வையுங்கள். முடிந்தால் ஒப்பீட்டுக் குழுவிலும் புகைப்பவர்களைச் சேருங்கள்.

மருந்தும் அப்படித்தான். பங்கேற்பாளர்களில் ஏறக்குறைய எல்லோரும் மருந்தில் இருப்பார்கள். வெவ்வேறு மருந்துகளின் அளவை, குளோர்புரோமசின் என்ற பழைய மனநோய் மருந்தின் சமமதிப்புக்கு மாற்றிப் பதிவு செய்வது மரபு. அது மருந்தின் பாதிப்பை நீக்கிவிடாது. மதிப்பிட மட்டுமே உதவும். இதைத் தாண்ட நல்ல வழி, மருந்தே எடுக்காத, நோயும் வராத உடன்பிறந்தவர்களைச் சேர்ப்பது. பி50 குறைபாடு அவர்களில் சிலரிடமும் தெரிகிறது. அதற்கு மருந்தைக் காரணம் சொல்ல முடியாது.

ஒப்பீட்டுக் குழுவைப் படிப்பில் சமமாக்க வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். இந்த நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்கிக் கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிடுகிறது. படிப்பைச் சமமாக்கினால் நோயின் விளைவையே சமமாக்குகிறீர்கள். பெற்றோரின் கல்வியைச் சமமாக்குங்கள். வயது, பாலினம் இரண்டும் கட்டாயம்.

எத்தனை பேர்? நீண்டகால நோயில் எம்எம்என் குறைவு சராசரியாக ஒரு திட்டவிலக்கத்துக்கு (ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் சிதறலின் அளவு) அருகில் என்று 2005-இல் உம்ப்ரிக்ட், கிர்ல்ஜெஸ் இருவரும் செய்த தொகுப்பாய்வு காட்டியது. விளைவு அந்த அளவு என்றால் குழுவுக்கு 17 பேர் இருந்தாலே 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்கலாம். அரைத் திட்டவிலக்கம் என்றால் குழுவுக்கு 64 பேர் வேண்டும். முதல்முறை நோய் வந்தவர்களிடம் விளைவு சிறியது; சுருதி மாற்றத்துக்கான எம்எம்என் அவர்களிடம் கிட்டத்தட்ட இயல்பாகவே இருக்கும். ஆகவே 17 என்ற எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள்.

படி 4: ஒப்புதல்

கையெழுத்து வாங்குவதோடு இது முடிவதில்லை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆய்வுக்கான ஒப்புதலைத் தனிப்பிரிவாகவே வைத்திருக்கிறது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு எலக்ட்ரோடுகூட வைக்கக் கூடாது.

நடைமுறையில் உதவுவது, விளக்கிய பிறகு “நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்” என்று கேட்பது. புரியாத இடம் உடனே தெரிந்துவிடும். கூட வந்த அம்மாவோ அண்ணனோ “அவன் வருவான், நீங்க எடுங்க” என்று சொன்னால் அது ஒப்புதல் ஆகாது. சம்பந்தப்பட்டவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

கருவி தன் எண்ணங்களைப் படித்துவிடும் அல்லது உள்ளே எதையோ செலுத்திவிடும் என்ற பயம் இந்த நோயில் வரக்கூடியது. அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். எலக்ட்ரோடு தலையிலிருந்து எடுக்க மட்டுமே செய்யும், எதையும் அனுப்பாது என்று காட்டுங்கள். திரையில் அலையைக் காட்டி, அவரையே கண் இமைக்கச் சொல்லி, அலை துள்ளுவதைப் பார்க்க வைத்தால் பாதிப் பயம் போய்விடும். எம்ஆர்ஐ என்றால் நிறுத்தச் சொல்லும் பொத்தான் கையில் இருக்கும் என்பதை முன்பே சொல்லுங்கள்.

படி 5: ஒலியை வடிவமையுங்கள்

எம்எம்என்னுக்குப் பலரும் பயன்படுத்தும் அமைப்பு இது: 1000 ஹெர்ட்ஸ் ஒலி, 50 மில்லிவினாடி நீளம், அரை வினாடிக்கு ஒன்று. பத்தில் ஒன்று மட்டும் 100 மில்லிவினாடி நீளம். நீளமாற்றத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம், மனச்சிதைவில் சுருதி மாற்றத்தைவிட இது நோயின் தொடக்கத்திலேயே குறைபாட்டைக் காட்டுகிறது.

இதில் ஒரு நுணுக்கம். நீளமான ஒலி வித்தியாசமானது என்று மூளைக்கு ஒலி தொடங்கிய கணத்தில் தெரியாது. 50 மில்லிவினாடியில் நிற்க வேண்டியது நிற்கவில்லை என்றபோதுதான் தெரியும். அளவிடும் சாளரத்தை, அதாவது அலையை அளக்கும் நேர இடைவெளியை, ஒலியின் தொடக்கத்திலிருந்து எண்ணும்போது இந்த 50-ஐ மறந்தால் அலையின் பாதியை வெளியே விட்டுவிடுவீர்கள்.

அப்புறம், மாறுபட்ட ஒலியையும் வழக்கமான ஒலியையும் நேரடியாகக் கழித்தால், வேறுபாடு எதிர்பார்ப்பால் வந்ததா, ஒலி நீளமாக இருந்ததால் வந்ததா என்று சொல்ல முடியாது. இரண்டாவது சுற்றில் பாத்திரங்களை மாற்றுங்கள்: 100 மில்லிவினாடி ஒலி வழக்கமானது, 50 மில்லிவினாடி ஒலி அபூர்வமானது. பிறகு ஒரே ஒலியை அது அபூர்வமாக வந்த சுற்றிலிருந்தும் வழக்கமாக வந்த சுற்றிலிருந்தும் எடுத்து ஒப்பிடுங்கள். நேரம் இரட்டிப்பாகும். பரவாயில்லை.

நேரம் குறைவென்றால் நாட்டனன் குழு 2004-இல் தந்த ‘ஆப்டிமம்-1’ முறையில் சுருதி, நீளம், செறிவு, திசை, இடையில் சிறு வெட்டு என ஐந்து மாற்றங்களை ஒரே ஓட்டத்தில், ஒன்றுவிட்டு ஒன்றாக நுழைக்கலாம்.

கணினி “இப்போது ஒலி” என்று குறியிடும் நேரமும் ஹெட்போனில் ஒலி உண்மையில் வரும் நேரமும் ஒன்றல்ல. ஒலி வெளியீட்டை ஈஈஜி பெருக்கியின் ஒரு சேனலிலேயே செருகி தாமதத்தை அளந்துவிடுங்கள். தாமதம் நிலையாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம். அலைந்தால் ஒலி அட்டையை மாற்றுங்கள். புளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

படி 6: பதிவு நாள்

முந்தைய நாளே போனில் சொல்லவேண்டிய விஷயம்: தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் எலக்ட்ரோடின் மின்தடையை இறக்குவது பெரும்பாடு. எம்ஆர்ஐ என்றால் தாலி, மெட்டி, மூக்குத்தி, தாயத்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அறை வாசலில் வைத்துச் சொன்னால் சங்கடம், சில சமயம் பெரியவர்களிடம் கோபம்.

எம்எம்என் நெற்றிக்கு மேலே நடுக்கோட்டில் பெரிதாகத் தெரியும். மூக்கு நுனியைக் குறிப்பு மின்முனையாக வைத்தால் காதுக்குப் பின்னாலுள்ள மாஸ்டாய்டு எலும்பில் அதே அலை தலைகீழாகத் தெரியும். செவிப்புறணியிலிருந்து வருகிறது என்பதற்கு அது ஒரு கைச்சான்று. கண்ணுக்கு மேலும் கீழும் எலக்ட்ரோடு வைக்க மறக்காதீர்கள். பிறகு கண் இமைப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எல்லா அறையிலும் இருக்கும். டியூப்லைட்டை அணைத்து, மொபைல் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பாருங்கள்.

ஒவ்வொருவருக்கும் குறைந்தது 150 நல்ல ‘மாறுபட்ட ஒலி’ பதிவுகள் கையில் மிஞ்சுமாறு திட்டமிடுங்கள். பங்கேற்பவர் தூங்கிவிட்டாரா என்று பாருங்கள். மருந்தின் மந்தத்தில் கண் செருகுவது சகஜம். தூக்கம் எம்எம்என்னை மாற்றும்.

படி 7: சுத்தம் செய்தல்

ஈஈஜிக்கு எம்என்இ-பைத்தான், ஈஈஜிலேப் இரண்டும் இலவசம். மூளைப்படத்துக்கு எஃப்எம்ஆர்ஐபிரெப் என்ற கருவி முன்தயாரிப்பை ஒரே சீராக முடித்துத் தரும். எந்தக் கருவி என்பதைவிட, யாருடைய பதிவு எந்தக் குழு என்று தெரியாமல் சுத்தம் செய்வதே முக்கியம். கோப்புப் பெயரில் “நோயாளி”, “கட்டுப்பாடு” என்று எழுதி வைத்துவிட்டு நடுநிலை பேச முடியாது.

நோய் உள்ள குழுவில் அசைவும் இமைப்பும் பொதுவாக அதிகம். அதனால் அவர்களின் பதிவுகளில் அதிகம் வெட்டி எறியப்படும். ஒருவருக்கு 180 பதிவுகளின் சராசரி, இன்னொருவருக்கு 90 என்றால், இரண்டாவதில் இரைச்சல் மிகும். உச்சப் புள்ளியை அளப்பவர்களை இரைச்சல் ஏமாற்றும். முன்பே தீர்மானித்த சாளரத்தின் சராசரி வீச்சை அளந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

எஃப்எம்ஆர்ஐயில் அசைவு இன்னும் மோசம். ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் பங்கு அசைவுகூடப் பகுதிகளுக்கிடையிலான தொடர்பைப் பொய்யாகக் கூட்டும் குறைக்கும் என்று 2012-இல் பவர் குழுவினர் காட்டினார்கள். அதற்கு முன் வெளிவந்த தொடர்பு ஆய்வுகளைப் படிக்கும்போது அசைவை எப்படிக் கையாண்டார்கள் என்று முதலில் தேடுங்கள். ஒரு வரியில் முடித்திருந்தால் நானாக இருந்தால் மற்றதை மேலோட்டமாகத்தான் படிப்பேன்.

படி 8: எண்ணாக மாற்றுதல்

எம்எம்என்னுக்கு, படி 5-இல் சொன்னபடி, ஒரே ஒலி அபூர்வமாக வந்த சுற்றின் சராசரியிலிருந்து அது வழக்கமாக வந்த சுற்றின் சராசரியைக் கழித்து, வரும் வேறுபாட்டு அலையின் சாளரச் சராசரியை எடுத்தால் போதும்.

பி50-இல் எச்சரிக்கை தேவை. வழக்கமாக இரண்டாம் அலையை முதல் அலையால் வகுத்து விகிதம் சொல்வார்கள். முதல் அலையே ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்தான். வகுக்கும் எண் சிறியதாக இருந்தால் சிறு இரைச்சலும் விகிதத்தை எங்கோ தூக்கிப் போட்டுவிடும். இன்னொன்று, விகிதம் அதிகமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்: இரண்டாம் அலை அடங்கவில்லை, அல்லது முதல் அலையே சரியாக எழவில்லை. முதலாவது வடிகட்டல் குறை. இரண்டாவது, ஒலியைப் பதிவு செய்வதிலேயே குறை. விகிதத்தை மட்டும் அறிவிக்கும் கட்டுரையிலிருந்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. இரண்டு அலைகளின் வீச்சையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

மூளைப்படத்தில் புள்ளியியல் தனிக் காடு. 2016-இல் எக்லுண்ட் குழுவினர், பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களின் கொத்துவழிச் சோதனை (அருகருகே சேர்ந்து செயல்படும் புள்ளிகளை ஒரே கொத்தாக எடுத்துச் சோதிப்பது) சில அமைப்புகளில் 5 விழுக்காடு இருக்க வேண்டிய பொய்க் கண்டுபிடிப்பை 70 விழுக்காடு வரை கொண்டுபோகிறது என்று காட்டி அதிர்ச்சி தந்தார்கள். ஹெஷ்ல் மேடுதான் உங்கள் கேள்வி என்றால் அந்தப் பகுதியை முன்பே வரையறுத்து அங்கே மட்டும் சோதியுங்கள்.

படி 9: “கவனம் இல்லை, அவ்வளவுதான்” என்ற எதிர்வாதம்

எந்தச் சோதனை வைத்தாலும் மனச்சிதைவு உள்ள குழு சராசரியில் கொஞ்சம் பின்தங்கும். மருந்து, சோர்வு, ஆர்வமின்மை எல்லாம் சேர்ந்து அப்படி. அப்போது “புலன் குறைபாடு கண்டோம்” என்பதற்கு என்ன மரியாதை?

இதற்குப் பார்வை ஆய்வுகள் அழகான பதில் வைத்திருக்கின்றன: அவர்கள் மற்றவர்களைவிடச் சரியாகச் செய்யும் சோதனையைத் தேடுங்கள். ஒரு மங்கலான வட்டத்தைச் சுற்றித் தீவிரமான கறுப்பு-வெள்ளைக் கோலம் இருந்தால், நடுவட்டம் இன்னும் மங்கலாகத் தெரியும். நம் எல்லோருக்கும் உள்ள மாயத்தோற்றம் இது. டேகின் குழுவினர் 2005-இல் நீண்டகால மனச்சிதைவு உள்ளவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அவர்கள் ஏமாறவில்லை, உள்ளதை உள்ளபடி கணித்தார்கள். கவனக்குறைவால் ஒருவர் அதிகத் துல்லியமாகிவிட முடியாது. சூழலைக் கொண்டு புலன் தகவலைத் திருத்தும் பொறிமுறைதான் பலவீனம் என்ற முடிவுக்கு வருவது நியாயமாகிறது. பின்னர் யூன் குழுவினர் காந்த அதிர்வு நிறமாலையால் பார்வைப்புறணியில் நரம்பணுக்களை அடக்கும் காபா வேதிப்பொருளை அளந்தபோது, அதன் அளவு இதையொத்த, சுற்றியுள்ள கோலம் நடுவை மங்கலாக்கும் விளைவின் வலிமையோடு தொடர்புற்றிருந்தது.

குழிந்த முகமூடி இன்னொன்று. உட்பக்கம் குழிந்த முகத்தையும் நம் மூளை பிடிவாதமாக முன்னே புடைத்த முகமாகவே காணும். மனச்சிதைவு உள்ளவர்களில் பலர் அதைக் குழிவாகவே பார்க்கிறார்கள். டிமா குழு 2009-இல் எஃப்எம்ஆர்ஐ வைத்துப் பார்த்தபோது, மற்றவர்களிடம் மேற்பகுதிகளிலிருந்து பார்வைப் பகுதிக்கு இறங்கிவரும் செல்வாக்கு வலுப்பட்டது; நோய் உள்ளவர்களிடம் அது நடக்கவில்லை.

தொடுதலிலும் இதே தர்க்கம். விரலில் அழுத்தப்பட்ட விசையை மறுகையால் திரும்பத் தரச் சொன்னால், நாம் எல்லோரும் தேவைக்கு அதிகமாக அழுத்துவோம், நம் தொடுதலை நாமே குறைத்து உணர்வதால். ஷெர்கில் குழுவின் 2005 ஆய்வில் மனச்சிதைவு உள்ளவர்கள் சரியான விசைக்கு நெருக்கமாக அழுத்தினார்கள். உங்கள் ஆய்விலும் இப்படி ஒரு சோதனையைச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். விமர்சகர் வாயை அடைக்க இதைவிட நல்ல ஆயுதம் இல்லை.

படி 10: முடிவை எங்கே நிறுத்துவது

எம்எம்என் குறைவுக்கு இன்று வலுவான விளக்கம், நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டப் பயன்படுத்தும் குளுட்டமேட் வேதிப்பொருளை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகள் சரியாக வேலை செய்யவில்லை என்பது. டேனியல் ஜாவிட் குழு 1996-இல் குரங்குகளில் இந்த ஏற்பியைத் தடுத்தபோது எம்எம்என் மறைந்தது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு, அதே ஏற்பியைத் தடுக்கும் கெட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தபோதும் சுருங்கியது. வழக்கமான மருந்துகள் டோபமைனைத் தடுப்பவை. அவை எம்எம்என்னைப் பெரிதாகச் சீராக்குவதில்லை என்பதும் இதோடு பொருந்துகிறது. ஆனால் பொருந்துவது வேறு, நிரூபிப்பது வேறு. உங்கள் எலக்ட்ரோடு தலையுறையால் குளுட்டமேட்டை நீங்கள் அளக்கவில்லை.

அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “அப்படியானால் ஸ்கேன் எடுத்து நோயைக் கண்டுபிடிக்கலாமே?” முடியாது. ஒரு திட்டவிலக்க வேறுபாடு என்பது ஆய்வுலகில் பெரியது. அப்படியிருந்தும், இரு குழுவிலிருந்தும் ஆளுக்கொருவரைக் குலுக்கி எடுத்தால், நோய் உள்ளவரின் அலைதான் சிறியதாக இருக்கும் என்பதற்கான வாய்ப்பு 76 விழுக்காடு மட்டுமே. நால்வரில் ஒருவர் தப்பாகப் போகும் அளவுகோலை வைத்து யாருக்கும் நோய்ப்பெயர் சூட்ட முடியாது. இன்றும் நோய் முடிவு நேர்காணலாலும் தொடர் கவனிப்பாலும்தான். மருத்துவமனையில் எம்ஆர்ஐ எடுப்பது பெரும்பாலும் கட்டி, வலிப்பு, அழற்சி போன்ற வேறு காரணங்களை விலக்கத்தான். ‘மூளை ஸ்கேன் மூலம் மனச்சிதைவை உறுதிசெய்கிறோம்’ என்று யாராவது கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஆய்வகம் இல்லாதவர்களுக்கு

கைப்பழக்கத்துக்கு முதலில் நோயில்லாதவர்களின் தரவில் வேலை செய்யுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் உருவான ‘ஈஆர்பி கோர்’ தொகுப்பில் 40 இளைஞர்களின் எம்எம்என் பதிவும், செய்முறை நிரல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் அவர்கள் காட்டும் அலை உங்கள் திரையிலும் வரும்வரை விடாதீர்கள். அது வந்தபின், ஃபோர்டு குழுவின் பொத்தான்-ஒலி ஈஈஜித் தரவுக்குப் போகலாம். தரவுகளைப் பகிரும் காக்கிள் என்ற இணையதளத்தில் இருக்கிறது. பொத்தானை அழுத்தி ஒலி வரவழைப்பது, அதே ஒலியைச் சும்மா கேட்பது, ஒலியில்லாமல் பொத்தானை மட்டும் அழுத்துவது என்று மூன்று நிலைகள். மூன்றாவது எதற்கு என்று யோசித்துவிட்டுத் தொடங்குங்கள்: அழுத்தும் கையின் இயக்க அலையைக் கழிக்க அது இல்லாமல் முடியாது.

சொந்தமாகப் பதிவு செய்யும் நாள் வந்தால், தொடங்கும் முன் ஒன்றைக் காகிதத்தில் முடிவு செய்துவிடுங்கள். எம்ஆர்ஐ படத்தில் தற்செயலாக ஒரு கட்டியோ நீர்க்கட்டியோ தெரிந்தால் அதை யார் பார்ப்பது, யாரிடம், எத்தனை நாளுக்குள், எப்படிச் சொல்வது? பங்கேற்பாளருக்கா, குடும்பத்துக்கா, சிகிச்சை தரும் மருத்துவருக்கா? ஒப்புதல் படிவத்திலேயே இது இருக்க வேண்டும். அவர் “எனக்குத் தெரிய வேண்டாம்” என்று சொல்ல இடமிருக்கிறதா என்பதையும் நெறிமுறைக் குழுவிடம் முன்பே பேசி வையுங்கள்.